உறைக்குள் போகாத கத்தி

என் வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர். அவர் ஆயுதம் வைத்திருந்தார் என்று ஒருவன் எழுதினான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஆயுதம் ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி. தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்த தகடு. நாலு மாடி அலுவலகம் ஒன்றில் பதினான்கு வருடமாக இவர் ஒப்பந்த வயர்மேன். வயர் தோலை உரிப்பதும் அந்தக் கத்திதான், பேத்தியின் பென்சிலைச் சீவுவதும் அதுதான். இரண்டாம் மாடி டைப்பிஸ்ட் அம்மாவின் மேஜை இழுப்பறை சிக்கிக்கொண்டால் நெம்பித் திறப்பதும் அதுதான். வேலை முடிந்ததும் தகட்டைத் தொடையில் இரண்டு பக்கமும் தேய்ப்பார், மடக்குவார், கால்சட்டையின் வலது பைக்குள் போடுவார். தூக்கத்தில் எழுப்பிக் கையில் கொடுத்தாலும் இதையேதான் செய்வார். அதனால் அந்தப் பை வருடத்துக்கு இரண்டு தடவை ஓட்டையாகும். தைப்பது நான். திட்டிக்கொண்டேதான் தைப்பேன்.

புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வந்த வாரமே வாசலில், இரும்பைக் கண்டால் கூவுகிற மெஷின் ஒன்றை நிறுத்தினார். அலுவலகத்தில் இருந்த கத்தரிக்கோல்களையெல்லாம் பிடுங்கி ஸ்டோர் ரூமில் பூட்டினார். ஒரு காலையில் இவர் உள்ளே நுழைய, மெஷின் கூவியது.

"ஐயா, கத்தி இல்லாம வயரை எதால உரிக்கிறது?"

"பல்லால உரி."

அதிகாரி இப்படிச் சொன்னாராம். எனக்கு போன் வந்தது, இவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் போனபோது வாசல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாக அப்படியே நிற்க வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர், வருகிறவர் எல்லோரும் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அந்த டைப்பிஸ்ட் அம்மா செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கடந்து போனாள். இழுப்பறை சிக்கினால் மட்டும் "அண்ணே, அண்ணே" என்று நாலு தடவை கூப்பிடுவாள்.

மேஜை மேல் ஒரு துணி உறை இருந்தது. இவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் முதலில் அதில் போட்டாயிற்று. அடுத்து கத்தி போகவேண்டும். கட்டி, அரக்கு வைத்து, அறிக்கையோடு தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும்வரை வேலை கிடையாது. பெரும்பாலும் ஒப்பந்தமே ரத்தாகிவிடும் என்றார் அதிகாரி, ஏதோ வெயில் அதிகம் என்பதுபோல.

உறையைக் கட்டச் சணல் உருண்டை வந்தது. அறுக்க ஒன்றும் இல்லை. ஸ்டோர் ரூம் சாவி வைத்திருந்தவர் லீவு. காவலாளி சணலைக் கடித்துப் பார்த்தான். பிறகு மேஜையிலிருந்த கத்தியையே எடுத்தான். தகடு இறுக்கம், இவர் கட்டைவிரலுக்குத்தான் படியும். அவன் நகம்தான் பிய்ந்தது.

அதிகாரி போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். பேச்சை விடாமலே இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஏய், நீயே அறுத்துக் குடு."

இவர் வந்தார். சணலை அளவாக இரண்டு துண்டு அறுத்தார். பிசிறு தட்டிய நுனியைக்கூட ஒழுங்காகச் சீவினார். உன்னைக் கட்டுகிற கயிற்றுக்கு இவ்வளவு நேர்த்தி எதற்கய்யா என்று மனசுக்குள் திட்டினேன். அப்புறம் தகட்டைத் தொடையில் இரண்டு பக்கமும் தேய்த்தார், மடக்கினார், பைக்குள் போட்டார்.

நான் பார்த்தேன். காவலாளி நகத்தைச் சப்பிக்கொண்டே உறையைக் கட்டி, அரக்கு ஊற்றினான். அதிகாரி போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பையில் கைவிட்டவர் கத்தியை வெளியே எடுத்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"உங்க கைதான் போட்டுது."

"நீ பாத்தியா? ஏன் சொல்லல?"

"ஏன் சொல்லணும்? உள்ள இருக்குன்னு அவனே கையெழுத்துப் போட்டுட்டான்ல?"

உடனே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"திருடன்னு சொல்லிடுவாங்கடி."

"ஆயுதம் வச்சிருந்தவன்னு சொல்லியாச்சு. இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

ஒன்பதாம் நாள் இருவரையும் கூப்பிட்டார்கள். வாசலில் மெஷின் கூவியும் காவலாளி தடுக்காமல் உள்ளே விட்டான். மேஜையில் பிரித்த உறை கிடந்தது. பக்கத்தில் டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், 'ஆயுதம் எங்கே' என்று கேட்டு வந்த கடிதம். "உக்காருங்க" என்றார் அதிகாரி. மரியாதை எங்கிருந்தோ முளைத்திருந்தது.

இவர் கத்தியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நீங்க அறுக்கச் சொன்னீங்க. அறுத்தேன். பழக்க தோஷத்துல பையில போட்டுட்டேன்."

"அதை அப்படியே எழுதி அனுப்புங்க" என்றேன் நான். "ஆபத்தான ஆள்னு நீங்க எழுதினவர் கையில நீங்களே கத்தியைக் குடுத்தீங்கன்னு. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

அதிகாரி மென்று விழுங்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஏதோ தவறுதல், புகார் வாபஸ் என்று எழுதிவிடுவாராம். அறிக்கையைக் கிழித்துவிடுவாராம். நாளைக்கே வேலைக்கு வரலாமாம், கத்தியோடே வரலாமாம்.

இவர் நன்றி சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. சொல்லியிருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"பேப்பரைக் கிழிச்சிடுவீங்க. வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்க வச்சீங்களே, அதை யாரு கிழிக்கிறது?"

இவர் கத்தியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும், மறுநாள் வேலைக்குப் போக அந்தப் பையில் இரட்டைத் தையல் போட்டேன். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.