மேய்ச்சல் நிலப் பெட்டியில் ஒரு வயலின்காரன்

என் மனைவி சுலோஜனாவுக்கு ஹம்பேர்க்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை. கேட்டவர்களுக்குப் பழைய பெட்டிகளை எடுத்துக் கொடுப்பது வேலை. கேட்காததையும் தேடிக் கொடுப்பது அவளுடைய குணம். அதனால் எங்கள் வீட்டில் சோறு எப்போதும் ஆறித்தான் இருக்கும். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இந்த வருடம் அவளைப் பிடித்துக்கொண்டவர் ஸ்டைன்பாக். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்டி இனத்தவர், நூற்றாண்டுகளாக ஜெர்மனியில் வாழும் ரோமா மக்களில் ஒரு பிரிவு அது. அவர்களுடைய வரலாற்றைப் பற்றி ஒரு கண்காட்சி வர இருந்தது. பழைய ஜெர்மன் பேரரசுக் காலத்துக்கென்று அமைப்பாளர்கள் சேர்த்திருந்ததெல்லாம் விரட்டும் ஆணை, சவுக்கடி, தூக்கு. எங்கள் ஆட்கள் உழைத்துச் சாப்பிட்டதற்கு ஒரு தாள்கூட இல்லையா என்று மனிதர் பொருமியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் மாட்டுகிறோம் என்றார்களாம்.

அந்தக் காலத்து இழிபெயர்களை எல்லாம் போட்டுத் தேடினாள் சுலோ. வந்ததும் அதே சவுக்கடிதான். வியாழன் காலை ரயிலில் இருந்தபோதுதான் அவளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது.

ஒன்பது வயதில், ஹம் நகரப் பள்ளியில், ஒரு பிள்ளை அவளிடம் “நீங்கள் ஹைடன்” என்றதாம். அகராதியில் பார்த்தால், ஊதாப் பூப் பூக்கும் புதர்வெளி. அவள் அப்பாவிடம் சொல்ல, அவர் அந்த ஊர்த் தமிழர் கோயில் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். அதே சொல்லுக்கு ‘கடவுளை அறியாதவர்கள்’ என்றும் பொருள் உண்டென்று தெரிய மனிதருக்கு ஒரு வருடம் பிடித்தது. ஜெர்மனியின் வடக்கே சின்டிகளையும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். அப்பாவைப் போலவே ஏமாந்த காப்பக எழுத்தர் ஒருவர் இருந்திருந்தால்?

நேரே போய், மேய்ச்சல் நிலங்கள், புதர்வெளிகள் என்ற பெட்டியைத் திறந்தாள். ஆட்டுச் சண்டை, வேலிச் சண்டைகளுக்கு நடுவே ‘ஹைடன் தொடர்பாக’ என்று ஒரு கட்டு. உடனே நான் வேலை செய்யும் மளிகைக் கடைக்கு போன் எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, எங்கட அப்பா மாதிரி ஒராள் இஞ்சயும் இருந்திருக்கிறார்” என்று சிரித்தாள். என் மாமனாரால் உலகத்துக்கு விளைந்த முதல் நன்மை அது.

கட்டுக்குள் இருந்தது, முந்நூறு வருடத்துக்கு முன் ஒன்பது விவசாயிகள் ஒரு சின்டிக்காரனுக்காகப் பிரபுவுக்கு எழுதிய மனு. இந்த மனிதனை விரட்ட வேண்டாம். எங்கள் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன் இவன், எங்கள் கல்யாணங்களில் வயலின் வாசிப்பவனும் இவன்தான். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒன்பது சிலுவைக் கீறல்கள். அன்று பின்னேரம் சுலோ அதை வாசித்துக் காட்ட, ஸ்டைன்பாக் மூன்று தரம் திரும்ப வாசிக்கச் சொல்லி அழுதாராம். இவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கண்காட்சித் திறப்புக்கு நானும் போனேன். சவுக்கடி ஆணைக்குப் பக்கத்தில் மனுவின் நகல் தொங்கியது. பார்க்க வந்த ஓர் அம்மா, பிரபு என்ன பதில் எழுதினார் என்று கேட்டார். பதில் அந்தக் கட்டுக்குள் இல்லை. சுலோவுக்கு முகம் வாடிவிட்டது.

ஸ்டைன்பாக் தன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“பதில் நான்தான்” என்றார்.