பன்னிரண்டு வகை பிஸ்கட்டும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் சூசன்னாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்திரண்டு வருஷமாக நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு வேலி, அதில் ஒரு சின்னக் கதவு. அவள் அண்ணன் கரோலைக் கட்டிக்கொண்டு நான் இந்த ஊஸ்ட்ரோன் ஊருக்கு வந்த முதல் டிசம்பரிலேயே என் தட்டை எட்டிப் பார்த்து, "அண்ணி, இதெல்லாம் கொத்தனாருங்களுக்கா சுட்டீங்க?" என்று கேட்டவள் அவள். நான் சுட்ட பிஸ்கட் அவ்வளவு பெரிதாம். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் போட்டி.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் பிஸ்கட் என்றால் ஒரே வாயில் அடங்க வேண்டும். கடித்துத் தின்கிற மாதிரி இருந்தால் அந்த வீட்டுக்காரிக்கு உடம்பு வணங்கவில்லை என்று அர்த்தம். எத்தனை வகை என்பது அடுத்த கேள்வி. ஏழெட்டு வகை சுட்டால் போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். சூசன்னா வீட்டில் பன்னிரண்டு. அவள் அம்மாவின் நோட்டில் எழுதியிருப்பது அவ்வளவு, அதில் ஒன்றைக்கூட அவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. டிசம்பர் பிறந்ததும் சுட்டுத் தகர டப்பாக்களில் அடைத்து, வீட்டு ஆண்கள் கண்ணில் படாமல் அலமாரிக்கு மேல் ஒளித்து வைப்போம். பண்டிகை வந்ததும் தட்டுகள் வீடு வீடாகப் போகும், வரும். யார் தட்டு எப்படி என்ற பேச்சு ஈஸ்டர் வரை ஓடும்.

அவளைச் சமையலறையே கதி என்று கிடந்தவளாக நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் ஊர் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டினாள். கூரைக்கு அடியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கிச் சம்மட்டிக்குக் கீழே வைப்பாள். கீழேயிருந்து ஆண்கள் கத்தினால் மேலேயிருந்து அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். புருஷன் சீக்கிரமே போய்விட்டான். மகன் பவெலைத் தனியாக வளர்த்துப் படிக்க வைத்து இன்ஜினியர் ஆக்கினாள்.

போன செப்டம்பரில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்திலேயே விழுந்தாள். பக்கவாதம். வேலிக் கதவு வழியாக முதலில் ஓடியது நான்தான். ஐந்து வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கால் கொஞ்சம் இழுத்தது. பேச்சு திரும்பியிருந்தது. அது மட்டும் திரும்பாமல் போயிருந்தால் பேச முடியாத குறையிலேயே செத்திருப்பாள். ஆனால் வலது கை வரவில்லை. வீட்டோட மாப்பிள்ளை மாதிரி மடியிலேயே கிடந்தது.

நவம்பர் முதல் தேதி, கல்லறைகளில் விளக்கேற்றுவதற்காக பவெல் கத்தோவித்ஸே நகரத்திலிருந்து வந்தான். அவன் அப்பாவுக்கும் என் கரோலுக்கும் விளக்கேற்றி முடித்து, எல்லோரும் சூசன்னா வீட்டில் டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தான். அவன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, மருமகள் பார்த்துக்கொள்வாள், இந்த வீட்டைப் பூட்டிவிடலாம் என்றான். சூசன்னா அவன் சொன்னதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. வாசல்படி ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டித் தரச் சொல்லி ஏற்கெனவே ஆறு தடவை கேட்டிருந்தாள். ஏழாவது தடவை கேட்டாள்.

"எதுக்கும்மா கம்பி? நீதான் எங்ககூட வந்துடப் போறியே."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாரையும் கூட்டிட்டு வா. பன்னிரண்டு வகையும் மேஜை மேல இருக்கும். என் கையால பண்ணினது, ஒரு வாய்க்கு அடங்குறது. ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் கார்ல ஏறிடறேன். முழுசா இருந்தா, இந்தப் பேச்சை நீ திரும்ப எடுக்கக் கூடாது."

பவெல் அந்தக் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி என்றான். பொல்லாதவன் இல்லை அவன். எப்படியும் தோற்பாள், தோற்றால் சண்டை போடாமல் வருவாள் என்று கணக்குப் போட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து, வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கெரிகிறதா என்று பார்த்தேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். மாவு பிசையும் பலகை வழுக்காமல் இருக்க அடியில் ஈரத் துணியை விரித்தாள். உருட்டுக்கட்டையை ஒரு கையால் பிடித்தால் கோணிக்கொண்டு போனது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜாம் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி, அதை உள்ளங்கையால் உருட்டினாள். வால்நட் அரைக்கும் மெஷினை மேஜை விளிம்பில் முடுக்கி இடது கையால் சுற்றினாள். "கிரேன்ல இந்தக் கை பாதி வேலை பார்த்திருக்கு, இப்ப முழு வேலை பார்க்கட்டும்" என்றாள்.

முதல் இரண்டு வாரம் வந்ததெல்லாம் விளங்காதவை. வெனிலா பிறைகள் என்று சுட்டது குதிரை லாடம் அளவுக்கு இருந்தது. உடைந்தவை, கருகியவை, பெருத்தவை எல்லாவற்றையும் வாளியில் போட்டு வேலி வழியாக என் பக்கம் தள்ளினாள். வெண்ணெயும் வால்நட்டும் போட்ட பிஸ்கட்டை என் கோழிகள் மாதிரி தின்ற கோழிகள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

நான் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். ஒருநாள் பிறைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து மாவில் சேர்த்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் கல்யாணத்தின்போது அவளே தன் கைப்பட எனக்கு எழுதிக் கொடுத்த குறிப்பில் மஞ்சள் கரு இல்லவே இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக என் பிறை ஏன் வாயில் கரையவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

"எழுத மறந்துட்டேன் போல இருக்கு, அண்ணி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். இரண்டு கையும் இருந்திருந்தால் நான் வரும் சத்தம் கேட்டதும் சல்லடையை மறைத்திருப்பாள்.

நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாவது நாள் மனசு கேட்காமல் போனபோது எட்டு வகை டப்பாவில் ஏறியிருந்தது. பிறைகள் சின்னதாகியிருந்தன. இரண்டு விரலால் வளைத்து மூன்றாவது விரலால் தட்டிவிடும் வித்தையை இடது கை கற்றுக்கொண்டுவிட்டது.

தேன்கூடு என்கிற வகைதான் அவளைப் படுத்தி எடுத்தது. அதைச் சுட வேண்டாம். பொடித்த வால்நட்டைச் சின்ன அச்சில் அடைத்து, நடுவில் குழித்து, முட்டை மதுவில் குழைத்த கிரீமை வைத்து, வேஃபர் வில்லையால் மூட வேண்டும். வழக்கமாக ஒரு கை அச்சைப் பிடிக்கும், இன்னொரு கை அமுக்கும். அவள் முக்காலியில் உட்கார்ந்து அச்சை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி அடைத்தாள். முதல் நாள் முப்பது பண்ணியதில் மூன்றுதான் உருவமாக வந்தது. முழங்கால் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் என் தேன்கூடு டப்பாவை எடுத்துவந்து அவள் மேஜை மேல் வைத்தேன். பவெலுக்கு என்ன தெரியப்போகிறது, இதை எடுத்து வைத்துக்கொள் என்றேன். நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் அவளுக்குச் செய்ய நினைத்த பெரிய உபகாரம் அது. அவள் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி. பவெல் ஏமாந்துடுவான். அப்புறம் இந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு, இது என் வீடுன்னு எனக்கே எப்படித் தோணும்?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஐந்து நாளில் தேன்கூடு முடிந்தது. பிறகு பத்தாவதும் பதினொன்றாவதும்.

பன்னிரண்டாவது, ஜாம் பொத்தான். சின்ன உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக் குழியாக்கி, சிவப்புக் கரன்ட் பழ ஜாம் வைத்துச் சுடுவது. இருப்பதிலேயே சுலபம். ஆனால் அன்றைக்குத்தான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டினேன், அப்புறம் வாங்க என்றாள். உள்ளே யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. சும்மா உட்கார்ந்து தின்றது போதும், அசையேன், இன்னும் கொஞ்சம் என்றாள். பூனையைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போனால் மறுபடி கதவு சாத்தியிருந்தது. நாலு நாள் அப்படி.

சொன்னபடி பவெல் மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். காரின் பின்பக்கம் காலிப் பெட்டி ஒன்று இருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னையும் கூப்பிட்டிருந்தாள். பீட்ரூட் சூப் ஆயிற்று, கெண்டை மீன் ஆயிற்று. கடைசியில் சூசன்னா எழுந்து காலை இழுத்துக்கொண்டு போய், பெரிய தட்டை இடது கையால் இடுப்பில் அணைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

பவெல் விரல் வைத்து எண்ணினான். பன்னிரண்டு. ஒரு பிறையை வாயில் போட்டான். அடங்கியது. மென்று விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. இதுல எதெல்லாம் நீங்க சுட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. "என்னோடது இதைவிடச் சின்னதா இருக்கும்டா. இதை நான் சுட்டேன்னு சொன்னா ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

அவன் மகள்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு அரை நம்பிக்கைதான். தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். ஜாம் பொத்தானில் கை நின்றது. ஒன்றில் குழியே விழவில்லை, ஜாம் ஓரமாக வழிந்திருந்தது. அடுத்ததில் லேசான பள்ளம், ஒரு பக்கம் சாய்ந்து. அதற்கடுத்தது கொஞ்சம் ஆழம். நாலைந்தில் முழுக் கட்டைவிரலும் பதிந்திருந்தது. அவன் தன் விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தான்.

"இதை எந்தக் கையாலம்மா அமுக்கினே?"

சூசன்னா மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி மேஜை மேல் வைத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கட்டைவிரல் மெல்ல, அதுவாகவே, மேஜை விரிப்பை அழுத்தியது. நாலு நாள் அவள் திட்டியது பூனையை இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அதுவும் கொஞ்சம் வேலை பார்க்கட்டும்னு விட்டேன்" என்றாள்.

பவெல் எழுந்து வெளியே போனான். பெட்டியை எடுக்கத்தான் போகிறான் என்று பயந்தேன். அவன் மனைவியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பி வரும்போது தோளில் பனி. மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"வாசல் சுவரு நல்ல கெட்டியாத்தான் இருக்கு. ட்ரில்லிங் மெஷின் எங்கம்மா இருக்கு? நாளைக்குப் பண்டிகை, நாளன்னிக்கே கம்பியை மாட்டிடறேன்."

"உன் மாமாவோடது அத்தை வீட்டுல இருக்கு. குடுக்க மனசு வந்தா குடுப்பாங்க, கேளு."

நாளை மறுநாளுக்குத்தானே, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் தடுத்தான். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. இப்போதே எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். போகிற போக்கில் யாரும் பார்க்காதபோது தட்டிலிருந்து இரண்டு பிறைகளை எடுத்துக்கொண்டேன். வேலிக் கதவைத் தாண்டும்போது இரண்டையும் சேர்த்து வாயில் போட்டேன். இரண்டும் அடங்கின.