அப்பாவுக்குக் காய்ச்சிய கெட்டி ஓட்ஸ்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அப்பா தண்ணீர் கேட்டபோது நான் மறுத்ததை நேரில் பார்த்தவர்கள். ஏன் என்று அன்று நின்று விளக்க முடியவில்லை. அதையும் சேர்த்து எழுதச் சொன்னார் அம்மா.

அப்பா எம்.ரெட்டியபட்டியில் பிறந்தார். பருத்தியும் கம்பும் விதைத்தார். மழை ஏமாற்றிய வருடங்களில் கூலிக்குப் போனார். பிறகு ஷேர் ஆட்டோ வாங்கி அருப்புக்கோட்டைக்கு ஓட்டினார். அந்த வருமானத்தில்தான் நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். கோடையில் தண்ணீர் கேன் இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. வெயிலில் நின்று ஏறுகிறவர்களிடம், "மொதல்ல ரெண்டு மடக்கு குடிங்க, பெறகு உக்காருங்க" என்பார்.

ஒரு காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாயின. விழுங்குவது மட்டும் சரியாகவில்லை. தண்ணீர், மோர், இளநீர் எல்லாம் வழி மாறி நுரையீரலுக்குள் போய்விடும், கட்டியில்லாமல் கெட்டியாக இருப்பதுதான் பத்திரமாக இறங்கும் என்றார் மருத்துவர். தண்ணீரையும் ஒரு பொடி கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

பெயிண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கெட்டித்தன்மையைச் சோதிப்பது என் வேலை. விடுப்பு எடுத்து வந்தேன். காலைச் சாப்பாடு என் பொறுப்பானது.

ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மிக்ஸியில் மாவாக்கிச் சலிப்பேன். குழைய வெந்த பாசிப்பருப்பையும் கேரட்டையும் மசித்து அதோடு சேர்த்து, சீரகத்தூளும் உப்பும் போட்டு, அடிபிடிக்காமல் கிண்டி, இறக்கும்போது நெய் விடுவேன். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. பொத்தென்று விழ வேண்டும். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, ஊட்டும் முன் மறுபடியும் கரண்டியைச் சாய்த்துப் பார்ப்பேன். தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த வாய்.

பேச்சு குழறினாலும் அப்பாவின் கேலி குறையவில்லை. "என்ன தாயி, கம்பெனி வேலைய இங்க பாக்குறியா? நாக்குல ரெண்டு கோட்டிங் அடிச்சாச்சு, போதும்."

"இன்னும் ஒரு கோட்டிங் இருக்குப்பா. வாயத் தொறங்க."

கிண்ணம் காலியானதும் கேட்பார்: "ஒரு மடக்கு தண்ணி தா தாயி." கூழாக்கியதை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இது தண்ணியா? போஸ்டர் ஒட்டுற பசை."

பாலவனத்தத்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்த அன்றே என்னைத் திட்டினார். "செடிகொடிக்கே ஊத்துறோம். பெத்த அப்பனுக்கு ஒரு வாய் குடுக்க மாட்டியாடி? இதுக்கா ஒன்னைய இஞ்சினியருக்குப் படிக்க வச்சான்?"

"நெஞ்சுக்குள்ள போயிரும் அத்தை."

"தண்ணி குடிச்சு எவன்டி செத்தான்?"

 மறுநாள் பார்க்க வந்த ஒருவர் கொடுத்த மோரில் ஒரு வாய் இறங்கி, அப்பாவுக்குப் புரையேறி முகம் நீலமானதை அத்தை பார்த்தார். அதன்பிறகு வாசலில் அவரே காவல். "இளநியா? எங்கிட்டக் குடுங்க. என் தம்பிக்கும் சேத்து நானே குடிச்சுக்கிறேன்."

வெயில் ஏற ஏற, ஓட்ஸ் பாதிக் கிண்ணம் மிஞ்சத் தொடங்கியது. நெய்யைக் கூட்டினேன். கருப்பட்டி போட்டேன். பருப்பை விட்டுப் பால் சேர்த்துப் பார்த்தேன். எதைச் செய்தாலும் வாய் திறக்கவில்லை. "எறங்க மாட்டேங்குது தாயி. தண்ணி" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது. எனக்குத் தெரிந்த எல்லா வழியும் அதோடு முடிந்துபோயிருந்தது.

பிறகு ஒருநாள் காலை கிண்ணத்தோடு போனபோது கட்டிலுக்கு அடியில் ஒரு டம்ளர் கிடந்தது. உள்ளே ஈரம். அப்பாவின் சட்டைக் கழுத்தும் நனைந்திருந்தது. அன்று ஓட்ஸ் முழுவதையும் சாப்பிட்டார், சிரிக்கவும் செய்தார். நான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. "எதனாலும் வந்திருக்கலாம்மா, அவங்க எச்சிலே உள்ள போனாலும் போதும்" என்றார் மருத்துவர். இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கடைசியாக, வழக்கப்படி ஒவ்வொருவராக அப்பாவின் வாயில் பால் ஊற்றினீர்கள். என் முறை வந்தபோது, கை தானாகக் கரண்டியைச் சாய்த்துப் பார்த்தது. பால் ஒழுகியது. மிச்சத்தை ஊற்றினேன்.

அப்பாவைத் தூக்கி ஓடிய ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கும், மருத்துவருக்கும் செவிலியருக்கும், வாசலில் காவலிருந்த அத்தைக்கும் எங்கள் நன்றி. அப்பாவின் வண்டியை இப்போது ஓட்டுபவர் தண்ணீர் கேனை எடுத்துவிடாமல் அதிலேயே வைத்திருக்கிறார், அவருக்கும் நன்றி.

அந்த டம்ளரைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கைக்கும் வந்திருக்கும். அப்பா கேட்டதை என்னால் கொடுக்க முடியவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள். உங்களுக்கும் நன்றி.