கீழப்பாவூருக்குப் புயல் எச்சரிக்கை

“எங்க ஊர்ல இன்னைக்குக் காத்து ஜாஸ்தி. மேகமும் திரண்டு நிக்குது” என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே குழல்வாய்மொழி காபி ஆற்றுகிறார். சமையலறைச் சன்னலுக்கு வெளியே, கீழப்பாவூர் வெயிலில், ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. அவர் சொல்லும் ‘எங்க ஊரு’ அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், வட கரோலினாவில் இருக்கிறது. அவர் அங்கே போனதில்லை, போகும் உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த ஊரில் மழை பெய்தால் இவருடைய எலுமிச்சைக்குத் தண்ணீர் நின்றுபோன காலம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில் இன்றும் அந்த ஊர் வானத்தைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்குவதில்லை.

அறுபதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம், ஓட்டத்தில் பாதியான நடை. சேலையைத் தூக்கிச் செருகியிருப்பதுதான் எப்போதும் கோலம். விருந்தாளி வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று நினைப்பார், பாதி நேரம் மறந்துவிடுவார். சிரிப்பு வந்தால் உட்கார்ந்துவிடுவார். நின்றபடி சிரிக்க அவரால் முடியாது. வரப்போ படியோ உரமூட்டையோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் உட்கார்ந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்து முடித்தபிறகுதான் எழுந்திருப்பார்.

ஊரின் ஓரத்தில், வீட்டை ஒட்டி, தென்னையும் எலுமிச்சையுமாக அவர்களுக்கு ஒரு தோட்டம். கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து சொட்டுக் குழாய்களில் பகுதி பகுதியாகப் பிரிந்து போகும். ஒரு பகுதி நனைந்ததும் அதன் வால்வை மூடி அடுத்ததைத் திறக்க வேண்டும். திறந்து மூடுவது குழல்வாய்மொழியின் வேலை. நேரம் பார்ப்பது அவருடைய கணவர் பால்வண்ணநாதனின் வேலை. பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவார். இவர் ஓடுவார்.

“கல்யாணம் ஆன நாள்லயிருந்து நான் ரன்னிங் ரேஸ்லதான் இருக்கேன். இன்னும் கோட்டைத் தொட்டபாடில்லை” என்கிறார்.

குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து மணிக்கணக்கில் குளிக்கிறார்கள். பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கும் இவர் போனால், தலை நனைந்தவுடன் வால்வு ஞாபகம் வந்துவிடும். ஈரத் தலையோடு பஸ் பிடித்துத் திரும்புவார். டெக்சாஸில் வேலை பார்க்கும் மகன் முத்துகுமரனிடம் ஒருமுறை போனில் சொன்னாராம்: “ஒரு நாளாவது அருவியில ஆசை தீர நிக்கணும்லே. போதும்னு நானா வெளிய வரணும்.” மகன் அதை மனதில் வைத்துக்கொண்டு, பொங்கலுக்கு வந்தபோது துணிமணிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தான். வால்வுகளைத் தானே திறந்து தானே மூடும் கருவி. இணையத்தில் வானிலையைப் பார்த்து, மழை என்றால் பாசனத்தை நிறுத்திவிடும் புத்திசாலி. ஒரே குறை, இந்தியாவில் அது விற்பனைக்கே இல்லாத சரக்கு.

வந்த அன்றே பால்வண்ணநாதன் ஆர்வத்தில் அதை நம் ஊர் மின்சாரத்தில் செருகினார். அமெரிக்க மின்சாரத்தின் அழுத்தம் இங்கே உள்ளதில் பாதிதான் என்று மகன் சொல்ல வாயெடுப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம், தீய்ந்த வாடை. “இனிமே இந்தச் சனியனை நான் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் தொட்டியடிக்குப் போய்விட்டார். தென்காசியிலிருந்து மிக்ஸியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கும் அஹ்சன் வந்து பிரித்துப் பார்த்தார். பெட்டிக்குச் சேதமில்லை, கூட வந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் போயிருந்தது. “இதென்னக்கா பெரிய விஷயம். நம்ம கரண்ட்டுக்கு நானே ஒண்ணு கம்பி சுத்தித் தாரேன்” என்றார். சுற்றியும் கொடுத்தார்.

அடுத்த தடை விலாசம். அமெரிக்க அஞ்சல் எண்ணைக் கொடுத்தால்தான் பெட்டி கண் திறக்கும். அதில் ஐந்து கட்டங்கள். நம்முடையதோ ஆறு இலக்கம். மகன் தன் வீட்டு எண்ணைப் போடப்போனான்.

“உன் ஊரு எதுக்குலே? நம்ம நம்பர்ல முதல்ல உள்ளதை விட்டுட்டுப் போட்டுப் பாரு” என்றார் குழல்வாய்மொழி.

போட்டான். பெட்டி பச்சை விளக்கைக் காட்டி, வட கரோலினாவின் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொல்லி வரவேற்றது. குழல்வாய்மொழி உரமூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே விடியல். ஆகவே ராத்திரி தண்ணீர் விடச் சொன்னார்கள், அது இங்கே விடியலில் விட்டது. விசில் ஓய்ந்தது. மகன் அமெரிக்கா திரும்பியதும் ஒரு நாள் காலை கைப்பேசியில் செய்தி வந்தது: உறைபனி அபாயம், செடிகளைக் காக்கப் பாசனம் நிறுத்தப்படுகிறது. “நம்ம எலுமிச்சைக்குக் குளிருதாம்” என்று தெருவில் பால்காரர் முதல் கீரைக்காரம்மா வரை எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தார் குழல்வாய்மொழி. அன்று கையால் வால்வைத் திறந்ததுகூட அவருக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் விளையாட்டு வினையானது. பெட்டியை நம்பி இருவரும் செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், சொந்தக்காரர்கள் வற்புறுத்தவே தங்கிவிட்டார்கள். முகூர்த்தம், மறுவீடு, சிரிப்பு என்று பொழுது போனது. கைப்பேசி பைக்குள் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால், புதிதாக நட்ட எலுமிச்சைக் கன்றுகள் அத்தனையும் தலை தொங்கிக் கிடக்கின்றன. மண் பாளமாக வெடித்திருக்கிறது. அப்போதுதான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ‘உங்கள் பகுதிக்குப் புயல் எச்சரிக்கை. கனமழை தொடர்கிறது. பாசனம் தேவையில்லை.’

பால்வண்ணநாதன் விசிலைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார். அதுதான் தனக்கு வலித்தது என்கிறார் குழல்வாய்மொழி. “ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். விசிலைத் துடைக்காவ, பாத்துக்கிடு.” அன்று சிரிக்கவில்லை. குடம் குடமாகச் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றினார். சில போய்விட்டன. மீதி மெல்லத் தளிர்த்தன.

கையோடு கருவிக் கம்பெனிக்கே போன் போட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒளிவுமறைவில்லாமல். எதிர்முனையில் ஓர் இளைஞன், மிகுந்த பணிவு. முதலில், புயலில் பத்திரமாக இருக்கிறீர்களா என்று விசாரித்தான்.

“எனக்கென்ன தம்பி, நான் நல்லா இருக்கேன். இங்கன வெயில் மண்டையைப் பொளக்குது. நான் இருக்கிறது இந்தியால, தென்காசிப் பக்கம்.”

இந்தியா என்று கேட்டதும் அவன் குரல் இறங்கியது. “அங்கே எங்கள் சேவை கிடையாதே, மேடம்.”

“நீங்க சேவை செய்யலன்னாலும் பெட்டி செய்யுதே தம்பி. மழையை மட்டும் கொஞ்சம் இங்கிட்டுப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க.”

அவன் வருத்தம் தெரிவித்தான். மறுநாள் கைப்பேசியில் அவருடைய கணக்கு மூடப்பட்டிருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் பெட்டி சாகவில்லை. கடைசியாகச் சொன்ன நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு தினமும் விடியலில் வால்வுகளைத் திறந்து மூடியது. இப்போது அதற்கு வட கரோலினாவும் தெரியாது, கீழப்பாவூரும் தெரியாது. மிஞ்சிய கன்றுகள் பிழைத்தன. பிறகு ஒரு நல்ல மழையிலும் அது தன்பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து மறுபடி அஹ்சனைக் கூப்பிட்டார். பெட்டியின் அடியில் இரண்டு திருகாணிகள் இருந்தன. மழையை உணரும் கருவி ஒன்றை அங்கே இணைக்கலாம் என்றார் அஹ்சன். அதையும் அமெரிக்காவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

“மழை பெய்யுதுன்னு அதுக்கிட்டச் சொல்லணும், அவ்வளவுதான?”

“ஆமாக்கா.”

“அதை நான் சொல்லிட்டுப் போறேன்.”

அஹ்சன் திருகாணிகளிலிருந்து சமையலறைக்கு ஒயரை இழுத்து, அடுப்புக்கு மேலே ஒரு சாதாரண லைட் சுவிட்ச்சைப் பொருத்திக் கொடுத்தார். மேலே தட்டினால் வெயில், கீழே தட்டினால் மழை. குழல்வாய்மொழி அன்று முழுக்க மேலேயும் கீழேயும் தட்டித் தட்டிப் பார்த்தார். “வருணபகவான் வேலை கிடைச்சிருக்கு எனக்கு. பென்ஷன்தான் இல்லை” என்று வருகிறவர்களிடமெல்லாம் சுவிட்ச்சைக் காட்டினார். பழைய தோழியான என்னையும் தட்டச் சொன்னார். தட்டினேன். நான் மழை பெய்வித்த ஒரே நாள் அது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. சுவிட்ச்சைத் தட்ட ஆள் வீட்டில் இருக்க வேண்டும். பால்வண்ணநாதனோ தொட மாட்டேன் என்று சொன்ன சொல்லிலிருந்து மாறவில்லை. ஆனியில் சாரல் பிடித்து, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டபோது, குழல்வாய்மொழி அவரிடம் எதையும் கேட்கவில்லை. “நான் குத்தாலம் போயிட்டு வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. தென்காசி தாண்டியதும் சன்னலில் சாரல் அடித்தது, முன் சீட்டுக்காரர் கண்ணாடியை மூடப்போனார், இவர் விடவில்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வரும் நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. அருவிச் சத்தத்தில் கேட்பதற்காக அவர் ஸ்பீக்கரைப் போட்டார். பால்வண்ணநாதன்தான்.

“ஏளா, இங்கன தூத்தல் விழுது. மண்ணு இன்னும் நனையல. இதை மழைன்னு எடுத்துக்கிடவா, வேண்டாமா?”

குழல்வாய்மொழி கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அதையே பார்த்தார். “நீங்களா பேசுதிய?” என்றார்.

“நான்தான். சுவிட்ச்சுகிட்ட நிக்கேன். கீழ தட்டினா மழை, அப்படித்தான? தூத்தல் நின்னுபோச்சுன்னா மறுபடி மேல தட்டணும், என்ன? ஏளா, கேக்குதா?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேசிக்கொண்டிருந்த கைப்பேசியை அப்படியே என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, கொண்டையை அவிழ்த்துக்கொண்டே அருவிக்குள் போனார்.