அரக்குத் தட்டும் அரைத் தூக்கமும்

ஓய்வு பெற்ற அன்று சிஸ்டரம்மாவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: தூங்க வேண்டும். குழந்தைகள் வார்டில் காலமெல்லாம் இரவு வேலை பார்த்தவள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். ஆயுசு முழுக்க மணி பார்த்து ஓடியவளுக்குக் கடிகாரம் கொடுக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. அதைப் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அந்தச் சுகம் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. அவள் புருஷனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் பழுதுபார்த்தவர். தெருவில் அவருக்கு மீட்டர் என்றே பெயர். முதலில் டீ சிந்தியது, பிறகு சட்டைப் பித்தான் கைக்கு அகப்படாமல் போனது, கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஒரு கை வேண்டியதாயிற்று. அந்தக் கை சிஸ்டரம்மாவுடையது. இரவில் புரண்டு படுக்க, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக, எல்லாவற்றுக்கும் அவள்தான். "இங்க பாரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நிற்பாள். வார்டில் பழகிய உடம்பு அப்படி. மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கண்ணை மூடுவாள். அது ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்த தூக்கம்.

அதற்கும் உலை வைத்தன அவருடைய இசைத்தட்டுகள்.

எல்லாம் அரக்கால் செய்த பழங்காலத் தட்டுகள். கனமான கறுப்புத் தட்டுகள், கை தவறி விழுந்தால் பீங்கான் மாதிரி சிதறிவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்கு மீட்டர் வகுத்து வைத்திருந்த சட்டதிட்டங்கள் ஆபரேஷன் தியேட்டரில்கூடக் கிடையாது என்பது சிஸ்டரம்மாவின் கட்சி. தட்டை விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். படுக்கப் போட்டு அடுக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பாட்டுப்பெட்டியில் தட்டு சுற்றும்போது மின்விசிறி ஓடக் கூடாது, தூசி வந்து உட்காரும். பக்கத்தில் யாரும் திம் திம்மென்று நடக்கக் கூடாது. புதுக் காலத்துத் தட்டுகளின் மெல்லிய முள்ளை இதில் வைத்தால் அது பள்ளத்தின் அடிவரைக்கும் இறங்கிக் குடைந்துவிடும் என்று, இதற்கென்றே தடித்த முள் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து வைத்திருந்தார். அந்த முள் தட்டை எவ்வளவு பாரத்தோடு அழுத்துகிறது என்று பார்க்கக் குட்டித் தராசு வேறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து சிஸ்டரம்மா அந்தத் தட்டுகள் இருந்த அலமாரியைத் தொட்டதில்லை. தொடச் சொன்னவரும் இல்லை.

ஒரு நாள் முள்ளை இறக்கும்போது அவர் கை குதித்துவிட்டது. தட்டின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். அன்றைக்கு அலமாரியைப் பூட்டியவர் அப்புறம் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைப்பார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பகலெல்லாம் அப்படிக் கிடந்தால் இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? ராத்திரி முழுக்க "இங்க பாரு", "இங்க பாரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வெளியூரிலிருந்து மகள் போனில் வழி சொன்னாள். "அந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்கும்மா. எதுக்கு இந்த அவஸ்தை?"

சிஸ்டரம்மா தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "இது பாட்டைக் கழுவின தண்ணி" என்று போனைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், "நான் போடறேன், எந்திரிங்க" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

மத்தியானத் தூக்கம் போய்ப் பயிற்சி வகுப்பு வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கட்டளை போட, அவள் உறையிலிருந்து தட்டை எடுப்பாள். "கையை நடுங்க விடாம வை" என்றார் முதல் நாளே. பிறந்து ஒரு வாரமான குழந்தைக்கு, நூல் போன்ற நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி போட்ட கை அது. அதற்கு இப்படி ஒரு சான்றிதழ். சிஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கொட்டாவியும் கூடவே வந்தது. முள்ளை இறக்கினாள். சத்தமே இல்லாமல் அது பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அன்று இரவு அவர் சோறு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

இப்படியே ஒரு மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. அவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டாள். பால் பொங்கி வழிவது இரண்டடி தள்ளி நின்றவளுக்குத் தெரியாமல் போன நாள்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானம் அவர் ஒரு தட்டைக் காட்டி, "அழுக்கா இருக்கு, துடைச்சுட்டுப் போடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தட்டைத் துடைக்கச் சுத்தமான தண்ணீரும் மெத்தென்ற துணியும் தனியாக வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் கை தானாக மருந்து அலமாரிக்குப் போய்விட்டது. ஊசி வைப்பதற்கு முன்னால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பது அவள் கைக்கு அத்துப்படி. அதே மாதிரி வட்டமாக, அழுத்தித் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. அழுக்குத்தான் என்று நினைத்து இன்னொரு பஞ்சு எடுத்தாள். அதுவும் கறுத்தது. விரல் பிசுபிசுவென்று ஒட்டியபோதுதான் அவளுக்குத் தூக்கம் கலைந்தது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்பார்கள். தட்டின் பளபளப்பு முழுக்க அவள் கையில் வந்திருந்தது.

வாசனை எட்டியதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"நூறு வருஷம் தாங்கின பொருள். உன் கையில ஒரு மாசம் தாங்கல."

"தெரியாம பண்ணிட்டேங்க. தூக்கக் கலக்கம்."

"எதையும் நிதானமா செய்ய உனக்கு வராது. எப்பவும் வார்டு அவசரம்தான்."

சிஸ்டரம்மா கோபக்காரி அல்ல. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஆனாலும் அன்றைக்குக் கறுத்த பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நானும்தான் தாங்கிட்டிருக்கேன். என்னை எந்த உறையில போட்டு வச்சீங்க?"

அதற்குப் பிறகு அவள் தட்டுகளின் பக்கம் போகவில்லை. மாத்திரை வேளைக்கு வந்தது, சோறு வேளைக்கு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மத்தியானம் தாராளமாகப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. இரவில் அவர் கூப்பிட்டால் எழுந்தாள். ஒரு பொல்லாத வார்த்தை சொல்லிவிட்டோம் என்ற குறுகுறுப்பும், சொன்னதில் தப்பென்ன என்ற வீம்பும் அவளுக்குள் மாறி மாறி ஓடின.

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இருவருக்குமே கிடையாது. நாலைந்து நாள் கழித்து மத்தியானம் அவராகவே, "அலமாரியில கீழ் அடுக்குல கடைசியா இருக்கறதை எடு" என்றார்.

அந்தத் தட்டின் உறையைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பெண் பாடியது. மீட்டர் முதல் சம்பளத்தில் வாங்கியது. இன்னொரு பிரதி எங்கேயும் கிடையாது என்று நம்பி, தேய்ந்துவிடுமே என்ற பயத்தில் எப்போதாவது ஒரு தரம்தான் போடுவார். அதையும் அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் போடுவார்.

"இதையா? என்னை நம்பியா?" என்றாள்.

"மயிரிழையா ஒரு விரிசல் இருக்கு. சில சமயம் முள் அங்க தடுக்கிப் பாடின வரிக்கே திரும்பிடும். உடனே தூக்கிடணும். விட்டா அந்த வரியையே உழுது மாவாக்கிடும். பக்கத்துலயே உக்காந்துக்கோ."

அவள் முள்ளை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல். அவசரமே இல்லாத குரல். பாட்டில் என்ன சொல்கிறாள் என்று கவனிக்க வேண்டும் என்றுதான் சிஸ்டரம்மா நினைத்தாள். இரண்டாவது வரி வரை நினைவிருந்தது.

வார்டில் ஏதோ படுக்கையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போக வேண்டும், போக வேண்டும் என்று கால் தவித்தது. மணிச் சத்தம் ஒரு பெண் குரலாக மாறி, அரை வரியையே திரும்பத் திரும்பப் பாடியது. திடுக்கென்று விழித்தாள். கதவோரம் கிடந்த வெயில் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் விரிசலில் தடுக்கித் தடுக்கி அதே இடத்தில் நின்று உழுதுகொண்டிருந்தது. குரல் கரகரத்துப் பாதி தேய்ந்தே போயிருந்தது.

பாய்ந்து முள்ளைத் தூக்கினாள். கறுப்புத் தட்டில் ஒரு வளையம் மட்டும் வெளுத்திருந்தது, முள்ளின் நுனியில் சாம்பல் நிறத்தில் தூள். திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் அவர் விழித்தபடிதான் உட்கார்ந்திருந்தார். நடுங்கும் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்தார்.

"முழிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

"வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த."

"தட்டு போச்சுங்க."

"போச்சு. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

திட்டியிருந்தால் சிஸ்டரம்மா எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"ஒரு தடவை கூப்பிட்டிருந்தாப் போதுமே, எந்திரிச்சிருப்பேனே" என்றாள்.

"ஆமா, எந்திரிச்சிருப்ப" என்றார் மீட்டர். "நீ எப்பவும் எந்திரிச்சிடுவ. அதான் கூப்பிடல."