நான் விலக்கச் சொன்ன திரை

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம், ஜனங்கள் பயந்து ஊரைவிட்டு ஓடியதில் தூத்துக்குடி பஜாரில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் வரிசையில் ஐந்து கடைகள். கட்டடக்காரர் மணப்பாட்டுக்காரர். "பூட்டிப் போட்டா உப்புக் காத்துல கதவு இத்துப் போகும். பாதி வாடகை தந்தாப் போதும், தெறந்து வச்சிருங்கப்பா" என்று அவரே கெஞ்சினார். நான் என் தையல் மெஷினோடு அங்கேயே இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் ரங்கூனிலிருந்து தப்பி வந்த ஒருவன் பக்கத்துக் கடையை அதே பாதி வாடகைக்குப் பிடித்தான். போயும் போயும் அவனும் தையல்காரன். துணிக்கே பஞ்சமான காலம் அது. பழைய கோட்டைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் புதுசாக்கித் தந்துவிடுவான். வருஷக்கணக்காக என்னிடம் அளவு கொடுத்த துறைமுக ஆபீஸ் குமாஸ்தாக்கள் என் படியில் சைக்கிளைச் சாத்திவிட்டு அவன் கடைக்குள் ஏறினார்கள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மத்தியானச் சோறு இறங்காது.

சண்டைப் பயம் தெளிந்து ஊர் நிரம்பியதும் பஜாரெங்கும் வாடகை ஏறியது. எங்கள் வரிசையில் மட்டும் ஏறவில்லை. மாதம் ஒரு நாள் கட்டடக்காரர் வருவார். அன்றைக்கு ஐந்து கடைக்காரர்களும் சரக்கை உள்ளே தள்ளிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம். மனுஷர் பெருமூச்சு விட்டுப் பழைய வாடகையையே வாங்கிப் போவார்.

ஒரு மாதம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். அவன் தைத்த கோட்டுகளையெல்லாம் திரைக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வேலையே இல்லன்னு சொல்லுதான், பாவம்" என்றார்.

அந்தப் பாவம்கூட அவனுக்குத்தானா? எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தத் திரைய விலக்கிப் பாருங்கய்யா" என்றேன்.

பார்த்தார். அதோடு நிற்கவில்லை, மற்ற கடைகளிலும் உள்ளே புகுந்து பார்த்தார். அடுத்த மாதம் ஐந்து கடைக்கும் வாடகை மூன்று மடங்கு.

குடைக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் உடனே காலி செய்தார்கள். அந்த வாடகைக்கு ஒருவரும் வரவில்லை. பூட்டியே கிடந்தாலும் வாடகையை இறக்க மாட்டேன் என்றுவிட்டார், ஏமாந்த கோபத்தில் இருந்த கட்டடக்காரர். நான் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். அவனால் கொடுக்க முடிந்தது, கொடுத்தான்.

நான் மெஷினை வண்டியில் ஏற்றும்போது அவன் வந்தான். "எவனோ கோள் சொல்லிட்டான் அண்ணாச்சி. நீங்க ஏன் அலையணும்? நம்ம கடையில வந்து உக்காருங்க."

கோள் சொன்னது நான்தான் என்று சொல்லாமலே போய் உட்கார்ந்தேன். தையல் கடையில் துணி வெட்டுகிறவன்தான் மாஸ்டர், தைக்கிறவன் வெறும் ஆள். அவன் வெட்டிப் போட்டான், நான் தைத்தேன். முதல் கோட்டைக் கையில் எடுத்ததும், வெட்டில் எங்காவது ஒரு கோணல் இருக்காதா என்று தோள், கை, கழுத்து எல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.