பச்சை ஏறத் தாமதமான நாள்

சிவப்புக் கொடி ஏறினால் ஊரே வீட்டுக்குள் ஓடும். எங்கள் அம்மா மட்டும் வெளியே போவாள். சின்ன வயதில் என்னைப் போட்டுப் படுத்தியெடுத்த விஷயம் இதுதான்.

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் வழியில் எங்கள் வீடு. எதிரே கல்குவாரி. பாறை உச்சியில் நீளமான கமுகந்தடி ஒன்றைக் கொடிக்கம்பமாக நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அதில் சிவப்பு ஏறினால் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆட்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும், வண்டிகள் வளைவிலேயே நின்றுவிட வேண்டும். வெடித்துப் புகை அடங்கிய பிறகு பச்சை ஏறும். அதுவரை வழியில் ஈ காக்கை இருக்காது.

அடுத்த வீட்டில் மாமி, அதாவது அப்பாவின் அக்கா. அவர் கண்ணில் படாமல் அந்த வழியில் ஒரு கோழி நடந்துவிட முடியாது. அப்பேர்ப்பட்ட மாமியே அந்த நேரம் மட்டும் ஜன்னலை அடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். ஒருமுறை குழவிக்கல் பெரிசுக்கு ஒரு கல் பறந்து வந்து, ஓட்டைப் பொத்துக்கொண்டு அவருடைய அடுக்களையில் விழுந்திருந்தது.

அம்மா என்னையும் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். "அனங்காம கிடக்கணும் மக்கா. கோழியைப் பிடிச்சு அடச்சிட்டு இப்ப வாறேன்" என்று போவாள். கோழிகள் முன்பே கூட்டுக்குள் கிடக்கும், அது எனக்குத் தெரியாதா என்ன. அம்மாவின் தலையில் கல் விழுவதை அந்தக் கட்டிலுக்கு அடியில் கிடந்தபடி எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். அவள் திரும்பி வந்ததும் தலையைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன். "என்ன, பேனு பாக்கியா?" என்று சிரிப்பாள். எனக்கு அழுகை வரும்.

ஒருநாள் பொறுக்கவில்லை. அவள் போனதும் நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஆராக்கும் வெளிய ஓடியது? கொடி ஏறினது கண்டில்லியா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து மாமியின் குரல் வந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

வளைவில் காரக்கோணம் பஸ் நின்றிருந்தது. அதன் ஜன்னலுக்குக் கீழே அம்மா நின்றாள். கையில் ஒரு கைக்குழந்தை. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒருத்தி பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே தள்ளி, அம்மாவின் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரோ பெற்ற பிள்ளையைக் கொஞ்சவா கல் விழுகிற இடத்தில் வந்து நிற்கிறாள்? முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வீட்டுக்கு வா அம்மா, கல்லு விழும்."

"ஒண்ணும் விழாது. பச்சை ஏறட்டு, போலாம்." என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜன்னல்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கு உனக்க மூக்காக்கும் அக்கா" என்றாள். அவள் என் மூக்கைப் பற்றிப் பேசியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்போது வெடித்தது. தரை அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. அம்மா அதை முந்தானையால் மூடிக் குனிந்துகொண்டாள். நான் அவள் தொடையில் முகத்தைப் புதைத்தேன். கல் எதுவும் வரவில்லை.

இனி பச்சை ஏற வேண்டியதுதான். ஏறவில்லை. உச்சியில் கொடிக்காரர் கயிற்றை இழுத்தார். சிவப்பு பாதி இறங்கி, மறுபடியும் மேலே போய் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். "கயிறு சிக்கிப்போச்சு, நில்லுங்க" என்று மேலேயிருந்து குரல் வந்தது. என்னால் நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தேன். ஒரு கொடியை மாற்றத் தெரியாதவரை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அம்மாவும் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று புரிந்தது. சீக்கிரம் பச்சை ஏறட்டும் என்று நானும் கூடச் சேர்ந்து கும்பிட்டேன்.

கடைசியில் ஏறியது. குழந்தை ஜன்னல் வழியாகத் திரும்பிப் போனது. பஸ்ஸும் போனது.

நாங்கள் வரும்போது மாமியின் ஜன்னல் திறந்திருந்தது. "எங்க போயிட்டு வாறிய?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்குமுன், "கோழி பிடிக்க" என்றேன் நான். வெளியே வந்ததற்கு எனக்கு அடி விழக் கூடாதே.

அம்மாவுக்கு ஒரு தங்கை உண்டு என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் கடற்கரையில் மீன்பிடிக்கிறவரைக் கட்டிக்கொண்டு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டதால், அவள் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாதென்று அப்பா சொல்லியிருந்தாராம். வீட்டிலிருந்த ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். சித்தி ஆஸ்பத்திரி வேலைக்கு, வெடி நேரத்தில் வளைவில் நிற்கும் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தாள். அன்று குழந்தையை ஊசி போடக் கொண்டுபோயிருக்கிறாள்.

குவாரியை மூடிய பிறகு ஒருமுறை அந்தப் பாறைமேல் ஏறிப் பார்த்தேன். கொடிக்காரர் நின்ற இடத்திலிருந்து வளைவு நன்றாகத் தெரிகிறது. பஸ் நின்றால் ஜன்னலில் இருப்பவர்களின் முகம்கூடத் தெரியும். அன்று கயிறு எங்கேயும் சிக்கியிருக்காது.

அம்மாவும் நானும் ஒரே கம்பத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டோம். அவள் கேட்டது, இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பே இருக்கட்டும் என்று.